வாசலில் நின்றவன் வீட்டிற்குள் வந்துவிட்டான்!

1998ஆம் ஆண்டு சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி, தெருவிலே சில காலிகளின் சீண்டலுக்கு ஆளாகி, விழுந்து, அடிபட்டு, மாண்டாள். நாடு பதறிற்று. அந்த ஆண்டிலேயே, பெண்களைச் சீண்டுவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் தனிச் சட்டம் பிறந்தது. கல்லூரி வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்று சீட்டியடித்தவன், சட்டத்தின் பெயரைக் கேட்டாவது சற்றே ஒதுங்கி நிற்கவேண்டிய நிலை வந்தது.

அவன் ஒதுங்கினான், ஒழிந்தானா? இல்லை, தோழர்களே! வாசலில் நின்றவன் வீட்டிற்குள் வந்துவிட்டான். கதவைத் தட்டவில்லை, படியேறவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. நம் மகள் படிக்கும் மேசைமீது, அவள் தலைமாட்டில், அவள் கையிலுள்ள கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அன்று சீண்டப்பட்டவள், ஓட்டமும் நடையுமாக வீடு வந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் அன்றைய தொல்லை முடிந்தது. இன்று அவளுக்குத் தாழ்ப்பாள் எங்கே? நள்ளிரவு 12 மணிக்கும் செய்தி வருகிறது. காலை வகுப்புக்குப் போகுமுன்னே படம் வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2025ஆம் ஆண்டு சனவரியில் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தத் தமிழகச் சட்டமன்றத்தில் மசோதா வந்தபோது, மின்னணு வழியாகச் செய்யப்படும் தொல்லையும் குற்றக் கணக்கில் சேர்க்கப்பட்டதே, எதனால்? காலியின் இடம் மாறிவிட்டது என்பதனால்!

உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தோழர்கள், "இது படித்தவர் வீட்டுத் தொல்லை, பங்களாக்காரர் பிள்ளைகளின் விவகாரம்" என்று இதைத் தள்ளிவிட வேண்டா. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பள்ளியில் இருக்கிறார்கள், கல்லூரியில் இருக்கிறார்கள். குடும்பத்திலே முதன்முதலாகப் பட்டப்படிப்பின் படியேறிய பெண் நம் மகள்தான். அந்தப் படியிலிருந்து அவளைத் தள்ளிவிடக் காத்திருக்கும் கை எது, அதை முறிப்பது எப்படி என்று தெரிந்துகொள்வது நம் கடமையன்றோ?

எப்படி நடக்கிறது?

மூன்று வழிகளில் வருகிறது இந்தத் தீமை.

முதல் வழி, நம்பிக்கைத் துரோகம். அன்பு என்று நம்பிப் பழகுகிறாள் பெண். அவள் அறிந்தோ அறியாமலோ படம் பிடிக்கப்படுகிறது. பிறகு அன்பு போய்விடுகிறது, படம் இருக்கிறது. "நான் சொன்னபடி கேள், இல்லையேல் ஊருக்குக் காட்டுவேன்" என்கிறான். கேட்டால் விடுவானா? ஒருமுறை பணிந்தவளை மறுமுறையும் மிரட்டுகிறான். பணம் கேட்கிறான், மேலும் படம் கேட்கிறான், தன் கூட்டாளிகளையும் கொண்டுவருகிறான். வட்டிக்காரனிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவன் கதைதான் இது. எவ்வளவு கொடுத்தாலும் கடன் தீராது!

இரண்டாம் வழி, பொய்ப்படம். பெண் எந்தப் படமும் அனுப்பவேண்டியதில்லை. பள்ளி விழாவில் எடுத்த படம் போதும். வாட்ஸ்அப் முகப்பில் வைத்த முகம் போதும். அந்த முகத்தை எடுத்து வேறோர் உடலில் ஒட்டுகிறான். முன்பெல்லாம் இதற்குக் கொஞ்சம் கைத்திறமை வேண்டியிருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. விரலால் தட்டினால் சில நொடிகளில் பொய்யுடம்பு தயாராகிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் அல்மெந்திரலேகோ என்னும் சிற்றூரில் 20க்கு மேற்பட்ட பள்ளிச் சிறுமியரின் படங்களை இப்படித் திரித்துச் சுற்றுக்கு விட்டார்கள். செய்தவர் யார்? அதே ஊர்ச் சிறுவர்கள்! 2024இல் தென்கொரியாவில் பள்ளி மாணவியரும் ஆசிரியைகளும் இதே கொடுமைக்கு ஆளாகினர். டெலிகிராம் குழுக்களில் பள்ளிவாரியாகப் பிரித்து வைத்துப் பரப்பினார்கள். அந்நாட்டு நாடாளுமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில், இத்தகைய பொய்ப்படத்தை வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றம் என்று சட்டம் செய்தது.

மூன்றாம் வழி, அதிகாரம். மதிப்பெண் போடும் கை, செய்முறைத் தேர்வில் கையெழுத்திடும் கை, விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் கை, ஆராய்ச்சிப் பட்டத்திற்கு ஒப்பமிடும் கை, அந்தக் கையே இரவில் செய்தி அனுப்புகிறது. "தூங்கவில்லையா?" என்று தொடங்குகிறது, "உன் படம் ஒன்று அனுப்பு" என்று வளர்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறையே கைப்பேசிக்குள் வந்தபோது இந்தக் கைக்கு வசதி கூடிற்று. 2021 மே திங்களில் சென்னையில் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர்மீது மாணவியர் புகார் கூறினர். அவர் கைது செய்யப்பட்டார். படிப்பு முடித்துப் போன பழைய மாணவியரும் அப்போதுதான் வாய்திறந்தனர். அத்தனை ஆண்டுகள் அந்த வாய்களை மூடியிருந்தது எது?

அதுதான் கேள்வி. அதற்கு விடை கண்டால் பாதி வெற்றி கண்டோம்.

அவனுடைய மூலதனம்

தொழிலாளத் தோழர்களுக்கு மூலதனம் என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. மூலதனமின்றித் தொழில் நடவாது. மிரட்டிப் பிழைக்கிறானே இந்தக் காலி, இவனுடைய மூலதனம் எது? படமா? படம் அவனுடைய கருவிதான். மூலதனம் வேறு. "அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார். அண்ணனுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவான். ஊருக்குத் தெரிந்தால் தலைகாட்ட முடியாது." இந்த அச்சம்தான் அவன் மூலதனம்!

அந்த மூலதனத்தை அவனுக்கு யார் கொடுத்தார்? சொல்லக் கூசுகிறது, தோழர்களே! நாம் கொடுத்தோம். நம் கோபம் கொடுத்தது; நம் கைத்தடி கொடுத்தது; "பெண்பிள்ளை ஒழுங்காக இருந்தால் இதெல்லாம் ஏன் வருகிறது?" என்று நாம் தேநீர்க் கடையில் பேசிய பேச்சு கொடுத்தது. அந்தப் பேச்சைத் தெருவில் கேட்டுக்கொண்டே வளர்ந்த பெண், தனக்குத் துன்பம் வந்த நாளில் நம்மிடம் எப்படி வருவாள்?

2016ஆம் ஆண்டு சூன் திங்கள். சேலம் மாவட்டம். நெசவுத் தொழிலாளி ஒருவரின் மகள், வயது 21, பட்டம் பெற்றவள். அவள் முகத்தை வேறோர் உடலில் பொருத்தி முகநூலில் போட்டான் ஒருவன். குடும்பம் காவல்துறையிடம் ஓடிற்று. நாட்கள் நகர்ந்தன, படம் நகரவில்லை. துப்புத் துலக்கவேண்டிய காவலர் ஒருவர், கைப்பேசியொன்றை இலஞ்சமாகப் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் பிறகு தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டார். மறுபடியும் ஒரு படம் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் விட்டுச்சென்ற கடிதத்தில், அந்தப் படங்கள் தான் அனுப்பியவையல்ல என்ற கதறல் இருந்தது. பெற்றவரே தன்னை நம்பவில்லையே என்ற வேதனை இருந்தது.

அவள் மாண்ட சில நாட்களிலேயே குற்றவாளி பிடிபட்டான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சில நாட்களில் பிடிக்கக்கூடியவனை, அவள் உயிரோடு இருந்தபோது ஏன் பிடிக்கவில்லை? பிடித்திருந்தால் இன்று அவள் 30 வயதைத் தாண்டி, எந்த அலுவலகத்திலோ எந்தப் பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டிருப்பாளே!

அந்தத் தகப்பனைக் குறைகூற இதை எழுதவில்லை. தறியோடு தறியாகத் தேய்ந்து மகளைப் பட்டதாரியாக்கியவர் அவர். முகநூலில் தோன்றும் படம் பொய்யாக இருக்கமுடியும் என்பதை அவருக்கு அன்று யார் சொன்னார்? எந்த மன்றம் சொன்னது? எந்தச் சங்கம் சொன்னது? சொல்லவேண்டியவர் சொல்லாமல் போனதால் வந்த விலை அது. இன்று நாம் சொல்லவேண்டும். கண்ணால் கண்டதும் பொய்யாகும் காலம் இது. மகள் அழுதுகொண்டு வந்தால், நம் வாயிலிருந்து வரவேண்டிய முதல் சொல், "நான் இருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். அந்த ஒரு சொல் விழுந்த நொடியிலேயே காலியின் மூலதனம் கரைந்துபோகும்.

பொள்ளாச்சி தந்த பாடம்

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி காவல்நிலையம் ஏறினாள். சமூக ஊடகத்தின் வழியே நட்புப் பாராட்டி, நம்பவைத்து, அழைத்துச்சென்று, கொடுமை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிவந்த கூட்டம் ஒன்று அம்பலமாயிற்று. அவள் வாய்திறந்ததனால்தான் மற்றவர்க்கு நேர்ந்ததும் வெளியே வந்தது. தமிழகமே கொந்தளித்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று.

ஆறாண்டுகள் நடந்தது வழக்கு. 2025ஆம் ஆண்டு மே திங்கள் 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 9 பேரும் குற்றவாளிகள். 9 பேருக்கும் சாகும்வரை சிறை. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கூறினார்.

இதிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கூட்டம் எந்தக் கருவியைக் கொண்டு பெண்களை மிரட்டியதோ, அந்தக் கருவியே நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசிற்று. கைப்பேசியில் இருந்தது, கணினியில் இருந்தது, எல்லாம் சான்றாயின. படம் காட்டி மிரட்டுகிறவன், தன் குற்றத்திற்குத் தானே சான்று தயாரித்துக் கையில் வைத்திருக்கிறான் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

பெயரைக் காக்காத காவல்

ஆயினும் அந்த வழக்கிலே ஆறாத புண் ஒன்றும் இருக்கிறது. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியே வந்தது. செய்தியாளரிடம் உயர் அதிகாரி வாயிலிருந்து வந்தது. அரசு ஆணையிலும் வந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அதோடு நின்றதா? 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவி ஒருத்தி வெளியாள் ஒருவனால் கொடுமைக்கு ஆளானாள். அவனும் படமெடுத்து மிரட்டியவன்தான். அவள் அஞ்சாமல் புகார் கொடுத்தாள். கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அவளைப்பற்றிய விவரங்களோடு இணையத்தில் கசிந்தது! சென்னை உயர்நீதிமன்றம் பெண் அதிகாரிகள் மூவர் கொண்ட தனிப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க அரசுக்கு ஆணையிட்டது. 2025 சூன் 2ஆம் நாள் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆறு திங்களுக்குள் தீர்ப்பு, அதைப் போற்றுகிறோம். ஆனால் கசிந்த பெயரை எந்தத் தீர்ப்பு திரும்ப அள்ளிக் கொடுக்கும்?

2019இல் ஆண்டவர் வேறு. 2024இல் ஆண்டவர் வேறு. பெயர் கசிந்தது மட்டும் இரண்டு முறையும். எதிரணி ஆட்சியில் நடந்தால் முழங்குவதும், நம்மவர் ஆட்சியில் நடந்தால் முனகுவதும் தொண்டனுக்கு அழகன்று. நம் மகளின் மானம் கட்சி பார்த்துக் கசிவதில்லை!

2025 சூலையில் இன்னொரு வழக்கு. கல்லூரிக் காலத்தில் பழகிய ஒருவன் கள்ளத்தனமாக எடுத்த படங்கள், அந்தப் பெண் படித்து வழக்கறிஞரான பிறகும் பல இணையத் தளங்களில் உலவின. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்திற்குள் அவற்றை நீக்க மத்திய அரசுக்கு ஆணையிட்டார். ஆண் காவலர்கள் சூழ்ந்திருக்க அந்தப் பெண்ணைப் படம் பார்த்து அடையாளம் காட்டச்சொன்னதைக் கண்டித்தார். சட்டம் படித்த ஒரு பெண்ணுக்கே இந்த நிலை என்றால், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்!

பள்ளியின் பெயரா, பிள்ளையின் உயிரா?

"வெளியே சொல்லாதீர்கள், பள்ளியின் பெயர் கெட்டுவிடும்." இந்த வாசகத்தைக் கேட்காத ஊருண்டா? புகாரோடு வந்த பெண்ணையே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச்சொன்ன நிர்வாகங்கள் உண்டு. பெயர் கெடுவது குற்றத்தாலா, குற்றத்தைச் சொன்னதாலா? சாக்கடையை மூடிவைத்துச் சந்தனம் தெளித்தால் நாற்றம் போகுமா?

சட்டம் இதிலே ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. 18 வயது நிரம்பாதவர்க்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் 6 திங்கள்வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை சிறை. 2021 நவம்பரில் கோவையில் ஆசிரியர் கொடுமையால் மாணவி ஒருத்தி உயிர் நீத்தபோது, புகாரை மறைத்ததாகப் பள்ளித் தலைமையும் அந்தச் சட்டப்படி கைதாயிற்று.

2021ஆம் ஆண்டில் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை நெறிமுறைகள் வகுத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழு வேண்டும்; அதிலே பெற்றோருக்கும் இடம் வேண்டும்; புகார்ப் பெட்டி வேண்டும்; இணையவழி வகுப்புகள் பதிவு செய்யப்பட வேண்டும்; ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 22 வரை விழிப்புணர்வு வாரம் நடத்தவேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கல்லூரிகளுக்கோ 2015ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்துவிட்டது: உள்விசாரணைக் குழு இருக்கவேண்டும், பெண் அதற்குத் தலைமை தாங்கவேண்டும், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் உட்காரவேண்டும், நடந்த மூன்று திங்களுக்குள் புகார் கொடுக்கலாம், 90 நாளில் விசாரணை முடியவேண்டும்.

எழுதியிருக்கிறது, தோழர்களே! எழுதியது நடக்கிறதா என்று யார் பார்ப்பது? அந்தப் பெட்டியைக் கடைசியாகத் திறந்தவர் யார்? சாவி யாரிடம்? எந்த ஆசிரியர்மீது புகார் வருமோ அவரிடமே சாவி இருந்தால் அது புகார்ப் பெட்டியா, எலிப்பொறியா? குழு உறுப்பினர் பெயர்ப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா, அலமாரியில் பூட்டியிருக்கிறதா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். அந்த நாற்காலி நமக்குப் போட்ட நாற்காலி. ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று போய் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கொடியேற்ற விழாவுக்கு மட்டும் பள்ளிக்குப் போகும் பழக்கம் போதும்.

நம் கையில் இருக்கும் குற்றம்

இனிச் சொல்லப்போவது கசக்கும். கசந்தாலும் விழுங்குங்கள், மருந்து.

ஆலையிலே உணவு இடைவேளை. ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். ஒருவன் கைப்பேசியை நீட்டுகிறான். "பார்த்தாயா, எந்தக் கல்லூரிப் பெண்ணோ!" ஒருவன் சிரிக்கிறான். ஒருவன், "எனக்கும் அனுப்பு" என்கிறான். மாலைக்குள் 200 பேர் இருக்கும் குழுவில் அது விழுகிறது. மேடையிலே பெண்ணுரிமை பேசிய தோழரும் அந்தக் குழுவில் இருக்கிறார்!

படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்தவன் ஒருவன். அதை ஊரெங்கும் சுமந்து திரிந்தவர் ஆயிரவர். ஒருவன் கொலைக்கத்தி செய்தான். ஆயிரம் பேர் ஆளுக்கொரு குத்து விட்டார்கள். "நான் எடுக்கவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்று சொன்னால் சட்டம் ஒப்புமா? ஒப்பாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, பாலியல் செயலைக் காட்டும் படத்தை மின்னணு வழியில் பரப்பினால் முதல் முறைக்கே 5 ஆண்டுவரை சிறையும் 10 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. படத்தில் இருப்பது சிறுமி என்றால் சட்டம் இன்னும் கடுமையானது. பரப்பவேண்டும் என்பதில்லை, வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்திலிருந்து போன வழக்கு அது.

சிறைக்கு அஞ்சி நிறுத்துவது சிறுமை. அந்தப் பெண்ணும் யாரோ ஒரு தொழிலாளியின் மகள் என்று எண்ணி நிறுத்துவதே தோழமை. அத்தகைய படம் குழுவில் விழுந்தால், "இதை நீக்கு, அடுத்தமுறை வந்தால் காவல்நிலையம்" என்று சொல்ல ஒருவர் போதும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். வேலைநிறுத்தத்தில் முதலாளியை எதிர்த்து நிற்கும் நெஞ்சு, உடன்வேலை செய்பவனிடம் இதைச் சொல்லத் தயங்கலாமா?

மகனையும் பாருங்கள்

மகளுக்கு அறிவுரை கூறும் வீடுகள் நிறைய. மகனை உட்காரவைத்துப் பேசும் வீடுகள் எத்தனை? காலிகள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஏதோ ஒரு வீட்டின் செல்லப்பிள்ளைதான் ஏதோ ஒரு பெண்ணின் படத்தைத் திரிக்கிறான். ஸ்பெயினில் அந்தச் சிறுவர்கள் விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். 2024இல் அந்நாட்டுச் சிறார் நீதிமன்றம் 15 பேரை ஓராண்டுக் கண்காணிப்பில் வைத்தது. ஆண் பெண் சமத்துவம், தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்தல் ஆகியவைபற்றிய வகுப்புகளுக்குப் போகவேண்டும் என்று பணித்தது. தீர்ப்புக்குப் பின் நடத்திய அந்த வகுப்பை, குற்றத்திற்கு முன்னே நாம் நம் வீட்டுத் திண்ணையில் நடத்தலாமே!

மகனிடம் சொல்லுங்கள்: ஒரு பெண் நம்பிக் கொடுத்த படம், அடகாகக் கொடுத்த நகையன்று, பிரிந்தாலும் அது உன் உடைமையாகாது. அவள் மறுத்தால் மறுத்ததுதான். உன் நண்பன் இத்தகைய படம் அனுப்பினால், அவனோடு சிரிப்பது நட்பன்று. அவனைத் தடுப்பதே நட்பு. மிரட்டல் ஆண்பிள்ளைகளுக்கும் வருகிறது. பெண் பெயரில் பழகிப் படம் வாங்கிப் பணம் பறிக்கும் கூட்டம் உண்டு. அவனும் அழுதுகொண்டு வந்தால், "ஆம்பிளை அழலாமா?" என்று துரத்தாதீர்கள்.

செய்யவேண்டியது என்ன?

மிரட்டல் வந்துவிட்டது. அடுத்து என்ன?

பதறி எதையும் அழிக்கவேண்டா. வந்த செய்தி, அனுப்பியவன் கணக்கின் பெயர், தொலைபேசி எண், இணைப்பு முகவரி, நாள், நேரம், அனைத்தும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மாற்றவேண்டா, அதுதான் மூலச் சான்று. சான்றுக்காக என்று அந்த ஆபாசப் படத்தை உறவினருக்கோ கட்சித் தோழருக்கோ அனுப்பவும் வேண்டா. காவல்துறையிடம் நேரில் காட்டினால் போதும். பணம் கொடுக்கவேண்டா, கெஞ்சவும் வேண்டா. கூட்டம் சேர்த்துப்போய் அவனை அடிக்கவும் வேண்டா. அடித்தால் வழக்கு நம்மீது வரும்; அவன் கைப்பேசியை உடைத்துச் சான்றை ஒழித்துவிடுவான்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளையென்றால் 1098 என்ற எண். பெண்களுக்கு 181. இணையக் குற்றத்திற்கு 1930. மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படம்பற்றிப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தமிழகக் கல்வித்துறை 14417 என்ற எண்ணைக் கொடுத்தது. மனம் உடைந்து விபரீத எண்ணம் கொள்ளும் பிள்ளைக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அந்த இரவில் அவளைத் தனியே விடாதீர்கள். இந்த எண்களை எழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுங்கள்.

படம் ஏறிய நிறுவனத்திற்கே புகார் கொடுக்கலாம். 2021ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் 2026ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், இத்தகைய படத்தையோ திரித்த படத்தையோ 2 மணி நேரத்திற்குமேல் விட்டுவைக்கும் உரிமை எந்தச் சமூக ஊடக நிறுவனத்திற்கும் இல்லை. இன்னொரு வழியும் உண்டு. வயது வந்தோர்க்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.', சிறார்க்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவைகள் இருக்கின்றன. படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டும் போகும். அந்தக் கைரேகையை வைத்து, ஒத்துழைக்கும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் அதே படத்தைத் தடுக்கின்றன. இன்ஸ்டாகிராம், முகநூல் ஆகியவை இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன.

பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம் என்பதையும் மறவாதீர்கள். ஆறுதல் கூறப்போகும் நாமே அவள் வீட்டின் முன்னே பதாகை கட்டிப் படம் பிடித்துப் போட்டுவிடக் கூடாது. நீதி கேட்போம், அவள் முகம் காட்டாமல் கேட்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மகள் வந்து சொன்ன மறுநாள் அவள் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், கல்லூரியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் என்ன பொருள்? குற்றம் செய்தவன் வகுப்பில் இருப்பான். குற்றமற்றவள் அடுப்படியில் இருப்பாள். அவன் மிரட்டி வாங்க நினைத்ததைவிட அதிகமாக நாமே அவனுக்குத் தானம் கொடுத்ததாகும். அப்புறம் அடுத்த வீட்டுப் பெண் வாய்திறப்பாளா? அவள் மீண்டும் வகுப்புக்குப் போகும் முதல் நாள், தகப்பன் உடன் போகட்டும்; தலை நிமிர்ந்து போகட்டும். வெட்கப்படவேண்டியவன் அங்கே வேறொருவன் இருக்கிறான்.

தோழர்களே! கூலி உயர்வுக்கு வாயிற்கூட்டம் போடுகிறோம். போனசுக்குப் போடுகிறோம். இதற்கும் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரு குழுவை அனுப்பட்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். புகார்க் குழு இருக்கிறதா, பெட்டி திறக்கப்படுகிறதா, எண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு விடை வாங்கி வரட்டும். விடை வராத இடத்தில் மீண்டும் போகட்டும். மாவட்டக் கல்வி அதிகாரி வரை போகட்டும்.

அதற்கு முன், இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் மகளையும் மகனையும் அருகில் அழைத்து, "எவனாவது எதையாவது காட்டி மிரட்டினால் என்னிடம் சொல். நான் உன்னைத் திட்டமாட்டேன். உன் பக்கம் நிற்பேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். காலியின் கதவு அங்கேதான் அடைபடும்!